ஏழாவது மாடிக் கதவும் ஒரு பூந்தொட்டியும்

காலை ஏழரை மணிக்கு அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. வாசலில் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். வெளிச்சுவர் ஓரமாகச் செடிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார். உள்ளே படிக்கட்டில் ஒரே ஒரு ஆள் ஏறிக்கொண்டிருப்பாள். அவள்தான் பூந்தொட்டி அக்கா.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. கழுத்தில் தொங்கும் அட்டையில் அந்தப் பெயரும், அதற்குக் கீழே 'தீ பாதுகாப்பு மேற்பார்வையாளர்' என்ற பதவியும் கொட்டை எழுத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. யார் படிக்கிறார்கள்? தினமும் மாடி மாடியாக ஏறி, படிக்கட்டுக் கதவுகளுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் பூந்தொட்டிகளைத் தூக்கி ஓரம் வைக்கிற அம்மா. ஆகவே பூந்தொட்டி அக்கா. ஐந்து வருடமாக அதுதான் பெயர்.

அந்தத் தொட்டிகளின் கதையைச் சொல்லாமல் இவள் கதையைச் சொல்ல முடியாது.

அது பசுமைக் கட்டடம். மொட்டைமாடி முழுக்கச் சூரியத் தகடுகள். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாது. தெற்குச் சுவரில் அடியிலிருந்து உச்சிவரை துணிப் பைகளைத் தைத்து, பைக்கு ஒரு செடி. வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இதற்கெல்லாம் ஒரு சான்றிதழ். ஏசியை இருபத்தாறுக்குக் கீழே இறக்கக் கூடாது; மேசைக்கு ஒரு செடி இருக்க வேண்டும். இதெல்லாம் சட்டம். ஆனால் வேலை பார்க்கிறவர்களுக்கு வியர்க்கிறதே! படிக்கட்டுப் பக்கக் கதவைத் திறந்தால் ஜிலுஜிலுவென்று காற்று. கதவோ தானாக மூடிக்கொள்கிற ரகம். அப்புறமென்ன, மேசைச் செடிகளில் ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வந்து கதவுக்கு முட்டு வைத்துவிடுவார்கள்.

அந்தக் கதவு சும்மா கதவு இல்லை. தீ பிடித்தால் புகையைப் படிக்கட்டுக்குள் விடாமல் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுகிற கதவு. மூடியிருந்தால்தான் மல்லுக்கட்டும். திறந்து கிடந்தால் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். இதை அக்கா எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பாள்! எத்தனை காகிதம் ஒட்டியிருப்பாள்! செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு மாடியில் அவள் ஒட்டிய 'கதவை மூடி வைக்கவும்' காகிதத்தையே தொட்டிக்கு அடியில் ஈரம் படாமல் விரித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, தொட்டியைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, அடுத்த மாடி ஏறினாள்.

ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்கால் ஐந்தாவது மாடியில் பேச ஆரம்பிக்கும். ஆறாவது மாடியில் கத்தும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே இருக்கிற திருப்பத்தில் அவள் இரண்டு நிமிடம் உட்காருவாள். உட்கார்ந்ததும் விளக்கு அணைந்துவிடும். மின்சாரம் மிச்சப்படுத்துகிற விளக்கு. ஆள் அசைந்தால்தான் எரியும். இருட்டில் அவள் கையைத் தூக்கி, போகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆட்டுவாள். எரியும். மறுபடி அணையும். மறுபடி ஆட்டுவாள். "ஓய்வெடுக்கிறதுக்கும் உழைக்க வேண்டியிருக்கு" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்த நகைச்சுவை அது.

பசுமை வேண்டாம் என்று அவள் என்றைக்கும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு விளக்கு வீணாக எரிந்தால் புருஷனைப் பிடித்துக் கத்துகிறவள். அந்தச் செடிச் சுவரை முதல் முதலாகப் பார்த்த அன்று வாயைப் பிளந்து நின்றாள். ஒன்றே ஒன்றுதான் அவளுடைய கவலை. சுவர் ஈரமாக இருக்கிறவரை அது செடி. காய்ந்துபோனால் அது திரி. பதினொரு மாடி உயரத் திரி.

இன்னொரு விஷயம். இதை வீட்டுக்கு வெளியே யாருக்கும் அவள் சொன்னதில்லை. அவளுக்கு வாசனை தெரியாது. எந்த வாசனையும். தீயைக் காவல் காக்கிறவளுக்குப் புகை நாற்றம் தெரியாது! "மூக்குக்கண்ணாடி மாட்டுறதுக்குத்தான் உனக்கு மூக்கு" என்பார் பஸ் ஓட்டுகிற அவள் புருஷன். அடுப்பில் பால் பொங்கிக் கரிந்தால் அவர்தான் ஓடிவருவார். மகள் சின்ன வயதில் கேட்டபோது, "ஏதோ விஷக்காய்ச்சல்ல போயிடுச்சு கண்ணு" என்று சொல்லிவைத்தாள். காய்ச்சல் இல்லை. அது முப்பது வருடத்துக் கதை. புருஷனுக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடி. நாற்பது தையல் மெஷின், நாற்பது பெண்கள், இரண்டு மின்விசிறி. ஒரு வெயில் நாளில் வேர்த்துக் கொட்டியது. படிக்கட்டுக் கதவைத் திறந்தால் காற்று வரும். கதவு நிற்கவில்லை. அவள் எழுந்துபோய் ஒரு துணி மூட்டையை உருட்டிவந்து கதவுக்கு முட்டு வைத்தாள். "அப்பாடா, புண்ணியவதி!" என்றாள் பக்கத்து மெஷின்காரி. மத்தியானம் கீழ்த்தளத்தில் தீ பிடித்தபோது புகை படியேறி வந்து, அந்தத் திறந்த கதவு வழியாக, விருந்தாளி மாதிரி நேராக உள்ளே வந்தது. அவள் ஜன்னல் வழியாக இறக்கப்பட்டாள். வாசனை போயிருந்தது. பக்கத்து மெஷின்காரி இறங்கவே இல்லை.

விசாரித்தவர்கள் 'கதவு திறந்திருந்தது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். யார் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதற்கப்புறம் அவள் மெஷினில் உட்காரவில்லை. வேறொரு கட்டடத்தில் தரை துடைத்தாள். அங்கே அலாரம் பலகையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டுக் கேட்டு, பயிற்சிக்குப் போய், தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி, இந்த வேலைக்கு வந்தாள்.

போதும், பழைய கதை. அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குச் சான்றிதழைப் புதுப்பிக்க ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஒரு வாரமாகவே கட்டடம் கல்யாண வீடு மாதிரி அல்லோலகல்லோலப்பட்டது. கண்ணாடி துடைக்கிறார்கள், தரை மெழுகுகிறார்கள். அவளுடைய மகளும் இதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஏழாவது மாடியில், தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற கம்பெனி. போன மாதம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அம்மாவும் மகளும் மத்தியானச் சாப்பாட்டை அலாரம் அறையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

அன்று மகள் டப்பாவைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"சாப்பிடவே முடியலைம்மா. மூணு நாளா மாடி முழுக்க ஒரே பெயிண்ட் நாத்தம். தலை கிண்ணு கிண்ணுங்குது."

"பெயிண்டா? உங்க மாடியில யாரும் பெயிண்ட் அடிக்கலையேடி."

"வெளியில இருந்துதான் வருது. செடி பக்கமிருந்து. உனக்குத்தான் தெரியாது."

உனக்குத்தான் தெரியாது. மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா பாதியில் டப்பாவை மூடிவிட்டு ஏழாவது மாடிக்குப் போனாள். அன்றைக்கு இரண்டாவது முறை. லிஃப்டில்தான் போனாள், முழங்காலுக்கும் ஒரு நியாயம் வேண்டுமே.

ஜன்னலைத் திறந்து கையை நீட்டி ஓர் இலையைத் தொட்டாள். மொறுமொறுவென்று நொறுங்கியது. கையைப் பார்த்தாள். விரல் ஐந்தும் பச்சை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். செத்த செடிக்குச் சாயம் பூசி உயிர் கொடுக்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆறு, ஏழு, எட்டு, மூன்று மாடிச் செடியும் காய்ந்து சருகாகி, அதன்மேல் பளபளவென்று பச்சை. கீழேயிருந்து பார்த்தால் தோட்டம். ஆறாவது மாடி வெளிவராந்தாவில்தான் எல்லாக் கம்பெனிக்காரர்களும் நின்று சிகரெட் பிடிக்கிறார்கள்.

செடிக்காரர் கீழே தண்ணீர்த் தொட்டி அறையில் குந்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவளுடைய கையைத்தான் பார்த்தார்.

"தொட்டுட்டியா தங்கச்சி?"

"என்னண்ணே இது?"

"என்னைக் கேட்டா? இந்த வருஷம் தண்ணி மிச்சம் காட்டணும், பாதியாக் குறைங்கன்னாங்க. குறைச்சேன். நடு மாடிச் செடி வாடுதுன்னேன். இன்னும் ரெண்டு மாசம் ஓட்டுங்கன்னாங்க. செத்துப் போச்சுன்னேன். பச்சையாக்குங்கன்னாங்க. நான் என்ன கடவுளா? டப்பாவுல குடுத்ததைத்தானே அடிக்க முடியும்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா செடி வளர்க்கிறேன். பொணத்துக்கு மை பூசின மாதிரி இருந்துச்சும்மா."

"யாரு குடுத்தது டப்பா?"

செடிக்காரர் மேலே விரலைக் காட்டினார். கடவுளை இல்லை. இரண்டாவது மாடி, மேனேஜர் அறை.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். மாதத்தில் இருபது நாள் அவர் சட்டை பின்பக்கம் கசங்கியே இருக்கும், நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அவள் உள்ளே போனபோது மேசைமேல் ஒரு படிவம் தயாராக இருந்தது. நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் அவள் பெயருக்குமேல் ஒரு கோடு, வெறுமையாக.

"வாங்கக்கா, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். ஒரே ஒரு கையெழுத்து. மூணு மணிக்கு வந்துடுவாங்க."

அவள் படித்தாள். 'வெளிச்சுவர்ச் செடிகள் ஈரப்பதத்துடன் உள்ளன. தீப்பற்றும் நிலையில் எதுவும் இல்லை.' அதற்குக் கீழே, 'இந்தக் காலாண்டின் தீ ஒத்திகை நடைபெற்ற தேதி' என்று போட்டு, போன மாதத்துத் தேதி ஒன்று.

"இந்த ஒத்திகை நடக்கவே இல்லையே சார். நீங்கதான் தள்ளிப் போடச் சொன்னீங்க."

"நடந்த மாதிரிதான். உங்களுக்குத் தெரியாததா? எண்ணூறு பேரை வெயில்ல நிக்க வெச்சா ஒவ்வொரு கம்பெனிக்காரனும் என் கழுத்துல துண்டைப் போட்டு இறுக்குறான்."

அவள் கையை விரித்துக் காட்டினாள். பச்சை. அவர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புது செடி நட்டுடலாம்கா. ரெண்டு மாசத்துல. சத்தியமா."

"அப்போ ரெண்டு மாசம் கழிச்சுக் கையெழுத்துப் போடறேன் சார்."

"அக்கா!" அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "நான் என்ன உங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்? சான்றிதழ் போச்சுன்னா ஏழாவது மாடிக் கம்பெனி போயிடும். பசுமைக் கட்டடத்துலதான் இருப்போம்னு அவங்க ஒப்பந்தத்துலயே இருக்கு. காலி பண்ணா எல்லாரையுமா கூட்டிட்டுப் போவாங்க? புதுசா நிரந்தரமானவங்களைத்தான் முதல்ல கழிப்பாங்க. உங்க பொண்ணு…" அவரே நிறுத்திக்கொண்டார். "மிரட்டலை. உள்ளதைச் சொல்றேன்."

உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு அலாரம் அறைக்கு வந்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள். மகளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். என்ன எதிர்பார்த்தாளோ தெரியவில்லை. 'போடாதேம்மா' என்று மகள் சொல்லிவிட்டால் பாரம் பாதி இறங்கிவிடும் என்று நினைத்தாளோ என்னமோ.

மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போட்டுடும்மா."

"என்னடி சொல்றே?"

"ஒரு வருஷமா இந்த நிரந்தரத்துக்காக நாய் மாதிரி உழைச்சேன். அப்பாவும் இன்னும் எத்தனை நாள் அந்த பஸ்ஸைக் கட்டி அழுவாரு? ஊர்ல எல்லாரும்தான் போடறாங்க. உன் ஒருத்தி கையெழுத்துலதான் உலகம் நிக்குதா? அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையேம்மா."

"ஆகிறவரைக்கும் ஒண்ணும் ஆகாதுடி."

"அம்மா, லைன்ல ஆள் காத்திருக்காங்க. வைக்கிறேன்."

அவள் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அலாரம் பலகை. மாடிக்கு ஒரு விளக்காகப் பதினொரு பச்சை விளக்கு, எல்லாம் சௌக்கியம் என்று கண்சிமிட்டிக்கொண்டு. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. கால் வலி இல்லை அது. எத்தனை தொட்டி தூக்கியாயிற்று, எத்தனை தொட்டி திரும்பி வந்தாயிற்று! போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன? பேனாவை மறுபடியும் திறந்து கோட்டின்மேல் வைத்தாள். முதல் எழுத்தில் பாதி விழுந்துவிட்டது.

கோட்டின்மேல் இருந்த விரல்களில் பச்சை இன்னும் போகவில்லை. காகிதத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை, மை தொட்டு வைத்த மாதிரி, தெளிவாகப் பதிந்திருந்தது. கையெழுத்துக்கு முன்னாலேயே கைநாட்டு விழுந்தாயிற்று!

முப்பது வருடத்துக்கு முன்னால் யாரும் இவளைக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள். பெயர் போட்டு, கோடு போட்டு, தேதி போட்டுக் கேட்கிறார்கள்.

அவள் பேனாவை மூடினாள். போன மாதத்துத் தேதியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். தேதி எழுதினால் ஒத்திகை நடக்க வேண்டும் அல்லவா? காலாண்டுக்கு ஒரு முறை யாரிடமும் சொல்லாமல் மணியடிக்க அவளுக்கு உரிமை உண்டு. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அந்த உரிமையை அவள் தொட்டதில்லை. எப்போதும் கேட்டுத்தான் அடிப்பாள்.

நேராகச் செடிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, உங்க அட்டை பையில இருக்கா?"

கட்டடத்து ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவள் எழுதிக்கொடுத்த சின்ன அட்டை அது. மணி அடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி. காவலாளிக்கு: வாசல் கதவை முழுக்கத் திற. செடிக்காரர் அட்டையில் இருந்தது: 'மணி அடித்தால் செடிச் சுவரின் உச்சித் தெளிப்புக் குழாயைத் திற.' சுவர் தீப்பிடிக்காமல் நனைப்பதற்கென்றே போட்ட குழாய். ஒவ்வொரு ஒத்திகைக்கும் முதல் நாளே மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "தண்ணி வீணாகும், அதை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார். குழாய் திறந்ததே இல்லை.

"இருக்கு. ஏன்?"

"அதுல எழுதியிருக்கிறதைச் செய்யுங்க."

அவர் அட்டையை எடுத்துப் படித்தார். அவளைப் பார்த்தார். மெல்ல அவருக்கு வாயெல்லாம் பல்லாயிற்று. அப்புறம் சிரிப்பு நின்றது.

"குட்டு வெளிப்பட்டா என் தலைதானே முதல்ல உருளும்?"

"சொன்னதைச் செஞ்சவர் நீங்க. டப்பா எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன். ரெண்டு தலையும் சேர்ந்தே உருளட்டும்ணே."

மூன்றே கால் மணிக்கு ஆய்வாளர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், மேனேஜரோடு தரைத்தளத்தில் மழைநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணாடி மூடியைத் தூக்கி, பொத்தானை அழுத்தினாள்.

மணி அலறியது. மேனேஜர் ஓடிவந்தார், முகம் வெளிறி. "தீயா? எங்கக்கா தீ?"

"ஒத்திகை சார். படிவத்துல தேதி போட்டிருந்துச்சே."

ஜனங்கள் இறங்கினார்கள். எப்படி இறங்கினார்கள் என்கிறீர்கள்? கையில் காபிக் கோப்பையோடு, செல்போனைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி. "பூந்தொட்டி அக்காவுக்கு இன்னிக்குப் பொழுது போகலை போல" என்று ஒருவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் வாசலில் நின்று தலைகளை எண்ணினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மற்ற மாடிகள் எட்டு நிமிடத்தில் காலி. ஏழாவது மாடி மட்டும் பதினாறு நிமிடம். கடைசியாக வந்தவள் அவளுடைய மகள், காதில் இன்னும் ஹெட்போன் மாட்டியபடி. அம்மாவைப் பார்த்த பார்வையில் அனல் பறந்தது.

எண்ணூறு பேரும் தெற்குச் சுவருக்கு எதிரே, வழக்கமான இடத்தில் கூடினார்கள்.

அப்போதுதான் உச்சியில் தண்ணீர் திறந்தது.

முதலில் மெல்லிய தூறல் மாதிரி. "ஆகா" என்றார்கள் சிலர். மேல் மூன்று மாடியிலும் இலைகள் நனைந்து மினுங்கின. தண்ணீர் எட்டாவது மாடியைத் தொட்டது. அடுத்த நிமிடம் சுவரிலிருந்து பச்சை வழிய ஆரம்பித்தது. வெள்ளைத் தூணில், ஜன்னல் கண்ணாடிகளில், ஆறாவது மாடி வராந்தாவில், பச்சைப் பச்சையாகக் கோடு. சாயம் போகப் போக உள்ளேயிருந்து பழுப்புச் சருகு தெரிந்தது. மூன்று மாடி உயரத்துக்கு, வெயிலில் காய்ந்த துடைப்பம் மாதிரி. காற்று கொஞ்சம் அடித்தது. முன்வரிசையில் நின்றவர்களின் சட்டையெல்லாம் பச்சைப் புள்ளி. மகளின் வெள்ளைச் சட்டையிலும்.

யாரோ முதலில் சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே பரவி, அப்படியே அடங்கியது. சிகரெட் பிடிக்கிற கூட்டம் மட்டும் வராந்தாவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண் ஆய்வாளர் அக்காவிடம் வந்தார். "நீங்கதான் தீ பாதுகாப்பா?" அவள் கழுத்து அட்டையை ஒருவர் படித்தது அன்றைக்குத்தான். அக்கா படிவத்தை நீட்டினாள். சுவர் பற்றிய வரியை அடித்துவிட்டு, அவள் கையால் எழுதியிருந்தாள்: 'ஆறு முதல் எட்டாம் மாடி வரை செடி காய்ந்துவிட்டது. மேலே சாயம். மேனேஜர் அறையிலிருந்து கொடுத்தது. தீப்பற்றும். உடனே அகற்ற வேண்டும்.' அதற்குக் கீழே பாதியில் நின்ற கையெழுத்தை முடித்திருந்தாள்.

சாயங்காலம் மேனேஜர் அலாரம் அறைக்கு வந்து, எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கவுத்துட்டீங்களே அக்கா."

"கவுக்கலை சார். பதினாறு நிமிஷம். நிஜத் தீயா இருந்தா அந்தச் சுவர் அஞ்சு நிமிஷம் தாங்காது. ஏழாவது மாடியில கடைசியா இறங்கினது யாரு தெரியுமா?"

அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் நின்றார். எழுந்துபோய், இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் குடித்தார்கள். இரண்டு பேருக்குமே அன்றைக்கு வேறு எதற்கும் தெம்பில்லை.

சான்றிதழை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். காய்ந்த செடிகளைப் பிய்த்தெடுக்க இரண்டே நாள் ஆனது. கடைசிக் கோணியைக் கட்டியவர் செடிக்காரர்தான். அவருக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம், அக்காவுக்கும் ஒன்று. தலை உருளவில்லை, இன்றைக்கு வரைக்கும். ஏழாவது மாடிக் கம்பெனி, மூன்று மாதம் கழித்து முடிவு சொல்வதாக எழுதியது.

மகள் அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கட்டடம். வாய் மட்டும் பூட்டு. "ரெண்டு ஊமைங்க நடுவுல நான் மொழிபெயர்ப்பாளன்" என்று புலம்பினார் புருஷன். மத்தியானம் அலாரம் அறையில் அக்கா தனியாகச் சாப்பிட்டாள். அவளுக்குத்தான் சாப்பாட்டின் வாசனையும் கிடையாதே, பேச்சும் இல்லையென்றால் அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது?

ஒன்பதாம் நாள் காலை. வழக்கம்போல ஏறினாள். இரண்டாவது மாடியில் ஒரு தொட்டி. நாலாவதில் இரண்டு! எண்ணூறு பேர் கண்ணால் பார்த்தார்கள், சட்டையில் கறையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒன்பதே நாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். தூக்கி ஓரம் வைத்தாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுத்திருப்பத்தில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. அன்றைக்குக் கையை ஆட்டத் தோன்றவில்லை. எரிந்துதான் என்ன ஆகப்போகிறது? இருட்டிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு தானாக எரிந்தது.

மேலே ஏழாவது மாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். சீக்கிரம் வந்திருக்கிறாள். அதே வெள்ளைச் சட்டை. துவைத்துத் துவைத்தும் போகாத பச்சைப் புள்ளிகள். இரண்டு கையாலும் ஒரு பூந்தொட்டியைக் கட்டிப்பிடித்திருந்தாள். அவள் விலகியதும் கதவு பின்னால் போய் 'டப்' என்று கச்சிதமாக மூடிக்கொண்டது.

"என்ன கனம்மா இது!" என்றாள். ஒன்பது நாளைக்கு அப்புறம் முதல் வார்த்தை. "தினம் இதைத் தூக்கி எங்க வைப்பே நீ?"

"ஜன்னலோரம். ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் நடந்து வந்துடும்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இறங்கிவந்து தொட்டியை நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கோபம்தான், சொல்லிட்டேன். வேலை போச்சுன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

"சரி."

"ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் போடுன்னேன். மேனேஜர் போடுன்னாரு. ஊரே போடுன்னிருக்கும். ஒரு கதவு, ஒரு தொட்டி, இதுக்குப் போயி எதுக்கும்மா இப்படி உசிரை விடறே?"

அக்கா தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தள்ளிவிட்டாள். வெகு நேரம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு தடவை," என்றாள், "நானும் வெச்சேன்."

"எதை?"

விளக்கு அணைந்தது. அம்மாவின் கை எழவில்லை. மகள்தான் கையைத் தூக்கி, போகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆட்டினாள்.

"சொல்லும்மா," என்றாள்.